தேவை இல்லை என்று யாரைக் கேட்டு முடிவு செய்தீர்கள்?

சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களின் தலைவர்களுக்கும், எந்தப் பட்டமேற்படிப்பைத் தொடங்குவது, எதை விடுவது என்று முடிவு செய்யும் பேராசிரியர்களுக்கும்,

மனித உரிமையில் பகுதிநேர முதுகலைப் படிப்பு ஒன்றைத் தொடங்கும் யோசனையைக் கைவிட்டுவிட்டதாக உங்களில் ஒரு பல்கலைக்கழகம் எங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. சொன்ன காரணம் ஒரே வரிதான்: போதிய தேவை இல்லை. அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அதுவாவது யோசித்துப் பார்த்தது. எங்களைப் போன்ற தொண்டூழியர்களை அழைத்து ஒரு மாலை முழுக்கப் பேசச் சொல்லிக் குறிப்பெடுத்துக்கொண்டது. மற்றவர்கள் அந்த அளவுக்குக்கூட வரவில்லை. அதனால்தான் இந்த மடல் உங்கள் எல்லோருக்கும்.

நான் பகலில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளிலும், வேலை முடிந்த சில இரவுகளிலும் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் வெளிநாட்டு ஊழியர்களுக்கான உதவி மேசையில் உட்காருகிறேன். சம்பளப் பாக்கி, வேலையிட விபத்து, பிடித்து வைத்த பாஸ்போர்ட், திடீரென்று ஊருக்கு அனுப்பப் பார்க்கும் முதலாளி என்று எல்லாம் எங்கள் மேசைக்கு வரும். வருபவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டுக்காரர்கள், பங்ளாதேஷ்காரர்கள். எங்கள் பக்கம் ஒரு தாதி, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், டியூஷன் சொல்லிக் கொடுப்பவர், விடுதியில் முன்பு மேற்பார்வையாளராக இருந்த ஒருவர். எங்களில் ஒருவர்கூட சட்டம் படித்தவர் இல்லை. இதை நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். காரணம் சொல்கிறேன்.

2017 ஏப்ரலில் வேலைக் கோரல்களுக்கான நடுவர் மன்றம் வந்தது. சம்பளத் தகராறு என்றால் முதலில் சமரசப் பேச்சு, அங்கே தீராவிட்டால் இந்த மன்றம். இங்கே வழக்கறிஞர் வந்து வாதாட முடியாது. செலவு குறைய வேண்டும், சாதாரண மக்களே வந்து பேச வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான், அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அறைக்குள் நடப்பதைப் பாருங்கள். ஒரு பக்கம் கோப்புகளோடு கம்பெனியின் மனிதவள அதிகாரி. இன்னொரு பக்கம், நிலத்தை அடகு வைத்து ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டு வந்த ஒரு சிவகங்கைக்காரர். வேலை போயிருந்தால் 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். எந்த மாதம் எவ்வளவு பாக்கி, அதற்கு என்ன ஆதாரம், ஓவர்டைம் கணக்கு எப்படி வந்தது என்று அவரே சொல்ல வேண்டும். அவரைத் தயார் செய்வது யார்? வழக்கறிஞருக்கு இடமில்லாத அறைக்கு ஒருவரைத் தயார் செய்து அனுப்புவது என்னைப் போன்ற கணக்கெழுதுபவர்களும் அந்தத் தாதியும்தான். ஆகவே, மனித உரிமைப் படிப்பு என்றால் சட்டக் கல்லூரிக்குள் இரண்டொரு விருப்பப் பாடம் போதும் என்று நினைப்பவர்களுக்கு இந்த நாட்டின் நடைமுறையே பதில் சொல்கிறது.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். துவாஸ் பக்கம் விடுதியில் தங்கியிருந்த ஒருவர் கையடக்க நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு லாரி ஏறினார், எத்தனை மணிக்குத் திரும்பினார் என்று பேனா மாறி மாறி எழுதி வைத்திருந்தார். ஊரிலிருந்து கிளம்புமுன் அவர் கையில் கொடுத்த ஐபிஏ கடிதத்தில், அதாவது வேலை அனுமதிக்கு மனிதவள அமைச்சு தரும் முன்ஒப்புதல் கடிதத்தில், அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). கையில் வந்ததோ ஐந்நூற்றுச் சொச்சம். வந்திறங்கிய வாரமே வேறொரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். "கையெழுத்துப் போட்டுட்டேனே அக்கா, இனி ஒண்ணும் கேக்க முடியாதுல்ல?" என்றார். கேட்க முடியும். 2017-இல் உயர் நீதிமன்றம் ஒரு சம்பள வழக்கில் இதைத் தெளிவாக்கியது: ஐபிஏவுக்காக முதலாளி அமைச்சிடம் சொன்ன அடிப்படைச் சம்பளம்தான் தொடக்கச் சான்று, அது சரியில்லை என்றால் காட்ட வேண்டிய பொறுப்பு முதலாளியுடையது. அந்தத் தீர்ப்பை நாங்கள் எங்கள் முயற்சியில் தேடிப் படித்து, ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டு, அவருக்கும் எளிய தமிழில் சொல்லிக் கொடுத்தோம். சமரசப் பேச்சிலேயே பாக்கியில் பெரும்பகுதி வந்தது. அவர் ஊருக்குப் போய்விட்டார்.

அதோடு கோப்பை மூடினோம். அந்தக் கம்பெனி அடுத்துக் கொண்டுவந்த ஆட்களுக்கும் அதே இரண்டாவது தாள் தயாராக இருந்தது என்பது வெகுகாலம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. தெரிய வைத்தது ஒரு முதுகலைப் படிப்பு. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

எங்கள் மேசையில் இருந்த இளைஞர் ஒருவர் வேலையை விட்டுவிட்டு பாங்காக் போனார். மஹிடோல் பல்கலைக்கழகத்தில் 1990களின் இறுதியிலிருந்தே மனித உரிமையில் முதுகலைப் படிப்பு இருக்கிறது. படித்துவிட்டுத் திரும்பி வந்தவர் முதலில் செய்த வேலை எங்கள் பழைய கோப்புகளை எல்லாம் எடுத்து மேசைமேல் பரப்பியது. ஒவ்வொன்றிலும் ஏஜெண்ட் பெயர், கம்பெனி, வேலை அனுமதியில் இருந்த சம்பளம், கொடுத்த சம்பளம், கையெழுத்து வாங்கிய தேதி என்று ஒரே மாதிரி பட்டியலிட வைத்தார். அப்போதுதான் ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வருவது கண்ணில் பட்டது. அதுவரை தனித்தனி மனிதர்களின் தனித்தனிக் கஷ்டமாகத் தெரிந்தவை ஒரே வழக்கத்தின் பல முகங்கள் என்று புரிந்தது. பட்டியலை அதிகாரிகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். தனி ஆளின் புகாராகப் போனபோது கிடைக்காத கவனம் கிடைத்தது.

அடுத்து, ஊழியரிடம் எப்படிக் கேட்பது என்பதை மாற்றினார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் இல்லப் பணிப்பெண், முதலாளி வீட்டில் அடிபட்டு எங்களிடம் வந்திருந்தார். அந்த அம்மாவிடம் யார் பேசுவது என்பதை முதலிலேயே முடிவு செய்தோம். ஒருவர்தான் கேட்க வேண்டும், ஒரே தடவைதான் கேட்க வேண்டும். அவர் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். காயத்தின் படம் யார் கைபேசியில் இருக்கலாம், யாருக்கு அனுப்பலாம், அவருடைய சம்மதத்தை எப்படிப் பதிவது, தேதியையும் நேரத்தையும் எப்படிக் குறிப்பது என்று எல்லாவற்றுக்கும் முறை இருந்தது. நல்ல மனதோடு உதவ வருகிறவர்கள்கூட, முறை தெரியாவிட்டால் பாதிக்கப்பட்டவரை மறுபடியும் நோக வைத்துவிடலாம், சாட்சியத்தையும் கெடுத்துவிடலாம். இதையெல்லாம் எங்களுக்கு இங்கே யாரும் சொல்லித்தந்ததில்லை. பாங்காக் போய் வந்த ஒருவரால் ஒரு மேசையே மாறியது. அவர் குடும்பச் சுமை இல்லாதவர், சேமிப்பு இருந்தது, போக முடிந்தது. என்னால் போக முடியாது. என் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் மேசையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பிள்ளைகள், வீட்டுக் கடன், வேலை.

இப்போது உங்கள் முடிவுக்கு வருகிறேன்.

தேவையை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று அந்தக் கூட்டத்திலேயே கேட்டேன். இறுதியாண்டு மாணவர்களிடமும் சில பெரிய நிறுவனங்களிடமும் கருத்துக் கேட்டதாகச் சொன்னார்கள். இருபத்திரண்டு வயதில் வேலை தேடிக்கொண்டிருக்கும் மாணவர் இந்தப் படிப்பை முதல் விருப்பமாகச் சொல்ல மாட்டார். அதில் வியப்பில்லை. ஆனால் மருத்துவமனைச் சமூக சேவகர்களைக் கேட்டீர்களா? தங்கும் விடுதிகளை நடத்துபவர்களை? குடும்ப சேவை நிலையங்களில் இருப்பவர்களை? உடற்குறையுள்ளோர் அமைப்புகளை? மொழிபெயர்ப்பாளர்களை? எங்கள் மேசையில் உட்காருபவர்களை அழைத்துப் பேச வைத்தார்கள், உண்மை. ஆனால் "நீங்கள் சேருவீர்களா?" என்று மட்டும் எங்களிடம் கேட்கவில்லை.

2025 ஜனவரியில் நாடாளுமன்றம் பணியிட நியாயச் சட்டத்தை நிறைவேற்றியது. வயது, இனம், சமயம், மொழி, பாலினம், உடற்குறை, மனநலம் போன்ற காரணங்களால் வேலையிடத்தில் பாகுபாடு காட்டக் கூடாது என்று முதல்முறையாகத் தனிச் சட்டம் சொல்கிறது. இதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டியவர்கள் ஆயிரக்கணக்கான கம்பெனிகளின் மனிதவள அதிகாரிகள். மறைமுகப் பாகுபாட்டை எப்படி அடையாளம் காண்பது, புகாரை நியாயமாக எப்படி விசாரிப்பது, புகார் கொடுத்தவரைப் பழிவாங்காமல் எப்படிக் காப்பது என்பதெல்லாம் மனித உரிமைத் துறை பல பத்தாண்டுகளாக வளர்த்தெடுத்த அறிவு. ஒரு நாள் பயிற்சியில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகிற விஷயம் இல்லை. இதற்குமேல் என்ன தேவை வேண்டும்?

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது பேராசிரியர் ஒருவர், இது கொஞ்சம் சென்சிடிவான பாடம் என்றார். அக்கறையோடுதான் சொன்னார். அவருக்கு அன்று சொல்ல நினைத்ததை இங்கே சொல்கிறேன். சிங்கப்பூர் 1995-இல் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையிலும் குழந்தை உரிமை உடன்படிக்கையிலும் சேர்ந்தது. 2013-இல் உடற்குறையுள்ளோர் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. 2017-இல் இனப்பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையை ஏற்றது. ஒவ்வொன்றின் கீழும் அரசாங்கம் அறிக்கை கொடுக்கிறது, ஐநா குழுவின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது. 2011, 2016, 2021 ஆண்டுகளில், ஒவ்வொரு நாட்டின் மனித உரிமை நிலையையும் ஆராயும் ஐநா மனித உரிமை மன்றத்தின் பொது மறுஆய்விலும் நம் அதிகாரிகள் போய் உட்கார்ந்து விளக்கம் தந்திருக்கிறார்கள். அரசாங்கமே உலக அரங்கில் வெளிப்படையாகச் செய்யும் வேலையைப் பல்கலைக்கழகம் பாடமாக நடத்துவதில் என்ன தயக்கம்? அரசின் அறிக்கையை எழுதும் அதிகாரிக்கும் பயிற்சி வேண்டும். அதைப் படித்துத் தங்கள் பார்வையைச் சேர்த்து அனுப்பும் சமூக அமைப்புக்கும் பயிற்சி வேண்டும். இரண்டு பேரும் ஒரே வகுப்பில் உட்காரலாம். உட்கார்ந்தால் நல்லது.

சிங்கப்பூர் சேராத உடன்படிக்கைகளும் உண்டு. குடியியல், அரசியல் உரிமைகளுக்கான அனைத்துலக உடன்படிக்கை, பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான உடன்படிக்கை, வெளிநாட்டு ஊழியர்களையும் அவர்கள் குடும்பத்தினரையும் பாதுகாக்கும் உடன்படிக்கை. ஏன் சேரவில்லை, சேர்ந்தால் என்ன மாறும், சேராமலே செய்யக்கூடியது என்ன என்பதை ஆதாரத்தோடு விவாதிக்க இங்கே ஓர் இடம் வேண்டும். 1993-இல் வியன்னாவில் நடந்த உலக மனித உரிமை மாநாட்டில் அப்போதைய வெளியுறவு அமைச்சர் வோங் கான் செங், உலகளாவிய கொள்கை என்ற பெயரில் நாடுகளின் வேறுபாடுகளை மறுக்கக் கூடாது என்று வாதிட்டார். ஆசிய விழுமியங்கள் பற்றிய அந்த விவாதத்தை இன்றும் உலகின் பல பல்கலைக்கழகங்களில் மனித உரிமை மாணவர்கள் படிக்கிறார்கள். அதில் ஒரு பக்கத்துக்குக் குரல் கொடுத்த நாட்டில், அதைப் படித்து ஏற்கவோ மறுக்கவோ ஒரு முதுகலை வகுப்பு இல்லை. அந்த வாதம் சரி என்று நினைப்பவர்களுக்குத்தான் இது முதலில் உறுத்த வேண்டும்.

வெளிநாட்டில் போய்ப் படிக்கலாமே, இணையம் வழியாகப் படிக்கலாமே என்பார்கள். இருக்கின்றன. இங்கிலாந்தில் எசெக்ஸ், 1997-இலிருந்து வெனிஸில் பல ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் படிப்பு, பாங்காக்கில் நான் சொன்ன மஹிடோல். அங்கே கற்றுத்தரும் அடிப்படை எங்கேயும் பொருந்தும். ஆனால் ஐபிஏ கடிதம் என்றால் என்ன, ஸ்பெஷல் பாஸ் என்ற தற்காலிகத் தங்கும் அனுமதியில் இருப்பவர் வேலை செய்ய முடியாமல் வழக்கு முடியும்வரை எப்படிச் சாப்பிடுகிறார், விடுதியில் நோய் பரவினால் யார் யாருக்குப் பொறுப்பு என்பதை அவர்கள் பாடத்திட்டத்தில் எதிர்பார்க்க முடியாது. 2020-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த டிசம்பரில் அரசாங்கம் வெளியிட்ட கணக்குப்படி, விடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 ஊழியர்களில் 47 விழுக்காட்டினருக்குக் கொவிட்-19 தொற்று ஏற்பட்டிருந்தது. நாட்டில் மற்றவர்கள் வெளியே நடமாடத் தொடங்கிய பிறகும் விடுதியில் இருந்தவர்களுக்கு வெளியே போக அனுமதி தேவைப்பட்டது. பொதுச் சுகாதாரத்துக்கும் நடமாடும் உரிமைக்கும் எங்கே கோடு போடுவது, கட்டுப்பாடு எப்போது அளவை மீறுகிறது என்பது மனித உரிமைப் படிப்பின் நடுமையக் கேள்வி. அந்த மாதங்களில் இரவு பகலாக ஊழியர்களிடமிருந்து எங்கள் கைபேசிக்கு அழைப்பு வந்துகொண்டே இருந்தது. அவர்கள் கேட்டதும் அதே கேள்விதான்: "எங்கள மட்டும் ஏன்?" அந்த அனுபவத்தை முறையாக ஆராய்ந்து அடுத்த நெருக்கடிக்குப் பாடம் எடுக்க வேண்டிய இடம் எசெக்ஸ் அல்ல, இங்கேதான்.

உங்கள் சட்டத் துறைகளில் மனித உரிமை பற்றிய பாடங்கள் இங்கொன்றும் அங்கொன்றும் இருப்பது தெரியும். மாணவர்கள் இலவசச் சட்ட உதவியில் கைகொடுக்கிறார்கள், எங்கள் மேசைக்கும் சிலர் வந்திருக்கிறார்கள், அருமையான பிள்ளைகள். ஆனால் கப்பல் சட்டத்துக்கும் அறிவுசார் சொத்துரிமைக்கும் நடுவர் தீர்ப்புக்கும் இந்த ஊரில் தனி முதுநிலைப் படிப்பு உண்டு. மனித உரிமைக்குக் கிடையாது. 2011 டிசம்பரில் ஐநா பொதுச்சபை ஏற்ற மனித உரிமைக் கல்வி, பயிற்சிப் பிரகடனம், இந்தக் கல்வி எல்லா நிலைகளிலும், எல்லா வயதினருக்கும் வேண்டும் என்கிறது. ஐநாவின் உலக மனித உரிமைக் கல்வித் திட்டமும் 2010 முதல் 2014 வரையிலான தன் இரண்டாம் கட்டத்தை உயர்கல்விக்கும், ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், காவல்துறையினர் ஆகியோரின் பயிற்சிக்கும் ஒதுக்கியது. அந்தக் கட்டம் முடிந்தே பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

நாங்கள் கேட்பது இவைதான்.

முதலில், கைவிட்ட முடிவை மறுபரிசீலனை செய்யுங்கள். தேவையை மறுபடியும் கணக்கிடுங்கள். இந்த முறை சமூக சேவகர்கள், தாதியர், மனிதவள அதிகாரிகள், விடுதி மேற்பார்வையாளர்கள், தொண்டூழியர்கள் ஆகியோரை நேரடியாகக் கேளுங்கள். கேள்விகளைத் தமிழிலும் மற்ற அதிகாரத்துவ மொழிகளிலும் கொடுங்கள். கிடைத்த பதில்களைப் பொதுவில் வெளியிடுங்கள். இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் இதைச் செய்ய முடியும்.

படிப்பு தொடங்கும்போது மாலையிலும் வார இறுதியிலும் நடத்துங்கள். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் விட்டுவிடுங்கள், அன்றுதான் ஊழியர்களுக்கு விடுமுறை, அன்றுதான் நாங்கள் அவர்களோடு இருக்க வேண்டும். சட்டப் பட்டம் வேண்டும் என்று நிபந்தனை போடாதீர்கள். பல ஆண்டுக் கள அனுபவத்தைச் சேர்க்கைத் தகுதியில் சேர்த்துக்கொள்ளுங்கள். முழு முதுகலைக்கு ஒரேயடியாகப் பணம் கட்ட முடியாதவர்களுக்காக, சிறு சான்றிதழ்களாகப் படித்துச் சேர்த்துக்கொண்டே போய்ப் பட்டம் பெறும்படி அமையுங்கள். 2024 மே முதல் 40 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்களுக்கு அரசாங்கம் பயிற்சிக் கட்டணத்துக்காக 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை தருகிறது. அந்தச் சான்றிதழ்கள் அதற்குத் தகுதி பெறும்படி நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாங்கள் விண்ணப்பிக்க முடியாது.

பாடத்திட்டத்தில் ஆவணப்படுத்தல், பாதிக்கப்பட்டவரிடம் பேசும் முறை, ரகசியம் காத்தல், ஐநா குழுக்களுக்கு அறிக்கை எழுதுதல் ஆகியவை கட்டாயமாக இருக்கட்டும். ஒரு பருவம் முழுக்க ஏதாவது ஓர் உதவி அமைப்பில் கண்காணிப்போடு வேலை செய்ய வையுங்கள். மஹிடோல் போன்ற வட்டாரப் பல்கலைக்கழகங்களோடு பேசி, ஆசிரியர்களையும் பாடங்களையும் பகிர்ந்துகொள்ளுங்கள். எல்லாவற்றையும் தனியாகத் தொடங்க வேண்டிய அவசியம் இல்லை. பாடத்திட்டக் குழுவில் வெளிநாட்டு ஊழியராக இங்கே வேலை பார்த்தவர்களுக்கு இடம் கொடுங்கள், அவர்கள் நேரத்துக்குச் சம்பளமும் கொடுங்கள்.

ஆறு பல்கலைக்கழகங்களும் தொடங்க வேண்டும் என்று கேட்கவில்லை. ஒன்று தொடங்கினால் போதும், மற்றவை தங்கள் மாணவர்களை அங்கே பாடம் எடுக்க அனுமதிக்கட்டும். யார் தொடங்கப்போகிறீர்கள், எப்போது என்று எழுத்தில் பதில் தாருங்கள். இல்லை என்பதுதான் பதில் என்றால், யாரிடம் என்ன கேட்டு அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
தேக்கா உதவி மேசைத் தொண்டூழியர்களில் ஒருவர்